லிங்க் எத்தனை விநாடியில் விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் தொலைபேசி நிறுவனத்தில் பணிபுரியும் தம்பி ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். அவருடைய எக்ஸ்சேஞ்சுக்கும் கொழும்பிலுள்ள இன்னொரு நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்சுக்கும் இடையே புதிதாக இரண்டு ஈ1, அதாவது குரலும் சமிக்ஞையும் சேர்ந்து போகும் டிஜிட்டல் பாதை, போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும், அழைப்புகளைப் பற்றி எக்ஸ்சேஞ்சுகள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஓர் எஸ்எஸ்7 சமிக்ஞை லிங்க். இரண்டும் ஏறுகின்றன, கால் நிமிடமளவில் நிற்கின்றன, விழுகின்றன, திரும்பவும் ஏறுகின்றன. மூன்று நாளாக இதே கதை. கார்ட் மாற்றியாயிற்று, கேபிள் மாற்றியாயிற்று, எக்ஸ்சேஞ்சையே ஒருமுறை அணைத்துப் போட்டும் பார்த்தாயிற்று. ஈ1-இல் ஓர் அலாரமும் இல்லை. மற்றப் பக்கத்தார் "எங்களிடம் எல்லாம் சரி" என்கிறார்கள். இதைவிட, வவுனியாப் பக்கம் போகும் பழைய லிங்க் ஒன்று பின்னேரங்களில் மட்டும் விழுந்து எழும்புகிறதாம். இரண்டுக்கும் காரணத்தை எங்கே தேடுவது என்பது அவருடைய கேள்வி.

தம்பி, முதலில் கார்ட்டை விட்டுவிடுங்கள். பழுதான கார்ட்டில் லிங்க் ஒழுங்காக ஏறி, ஒழுங்காகக் கால் நிமிடம் நின்று, ஒழுங்காக விழாது. பழுதுக்கு ஒழுங்கு தெரியாது. ஒருமுறை மூன்று விநாடியில் விழும், அடுத்தமுறை அரை மணித்தியாலம் கழித்து விழும். மணிக்கூடு பார்த்ததுபோல விழுகிற லிங்கை யாரோ விதிப்படி இறக்குகிறார்கள். அது யார் என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. எஸ்எஸ்7-இன் ஒவ்வோர் அடுக்குக்கும் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், எத்தனை பிழையைப் பொறுக்க வேண்டும் என்பதெல்லாம் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் க்யூ.703, க்யூ.704, க்யூ.707 ஆகிய பரிந்துரைகளில் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே ஒரு கொப்பியும் மணிக்கூடும் எடுத்துக்கொண்டு திரைக்கு முன்னால் இருங்கள். ஏறிய நேரம், விழுந்த நேரம், விழுந்ததற்கு எக்ஸ்சேஞ்ச் சொன்ன காரணம் என மூன்று நிரல் போட்டுப் பத்துத் தடவை எழுதுங்கள். கார்ட்டை மாற்றும்போதெல்லாம் எண்ணிக்கைகள் அழிந்துபோகின்றன. நீங்கள் தேடும் தடயத்தை உங்கள் கையாலேயே துடைத்துவிடுகிறீர்கள்.

இந்தத் துறையில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓர் ஈ1 என்பது விநாடிக்கு 2.048 மெகாபிட் ஓடும் பாதை. அதை 64 கிலோபிட் கொண்ட 32 கூறுகளாகப் பிரித்திருக்கிறார்கள். பூச்சியமாவது கூறு ஒழுங்கமைப்புக்கு. மற்றவற்றில் ஒன்றை, வழக்கமாக 16-ஆவதை, சமிக்ஞைக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் குரல் போகும். "இந்த எண்ணுக்கு அழைப்பு வருகிறது", "மணி அடிக்கிறது", "எடுத்துவிட்டார்", "வைத்துவிட்டார்" என்று இரண்டு எக்ஸ்சேஞ்சுகள் பேசிக்கொள்ளும் பேச்சு முழுவதும் அந்த ஒரு கூறில்தான். அது மற்ற ஈ1-களின் குரல் பாதைகளுக்கும் சேர்த்தே பேசும். ஆகவே லிங்க் விழுந்தால் குரல் பாதைகள் அத்தனையும் நலமாக இருந்தபடியே புதிய அழைப்புக்கு உதவாமல் போய்விடும்.

2002-இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்த காலத்தில் இங்கே வெளிநாட்டு அழைப்புக்கென்று கொமியூனிகேஷன் கடைகள் நிறைய இருந்தன. ஒரு லிங்க் விழுந்த பின்னேரம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திக்குப் பக்கத்தில் அப்படியொரு கடையில் நின்றேன். கண்ணாடிக் கூண்டுக்குள் ஓர் அம்மா கனடாவிலுள்ள மகளுடன் பேசிக்கொண்டே இருந்தார். வெளியே வாங்கில் இருந்த ஏழெட்டுப் பேருக்கு ஓர் எண்ணும் கிடைக்கவில்லை. கடைக்காரர் ஒவ்வொரு ரிசீவராக எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வெளியே வந்து, "லைன் நன்றாகத்தானே இருக்கிறது" என்றார். அவர் சொன்னது சரி. ஏற்கெனவே தொடுக்கப்பட்ட பேச்சு லிங்க் விழுந்தாலும் அறுவதில்லை. புதிதாகத் தொடுப்பதுதான் நடக்காது. அவர் ரிசீவரை வைத்துவிட்டார் என்ற செய்திகூட மற்றப் பக்கம் போக வழியில்லாததால், அந்தக் குரல் பாதை அங்கே பிடிபட்டபடியே கிடந்திருக்கும். முறைப்பாடு வரும்போது "சிலருக்கு வேலை செய்கிறது, சிலருக்கு இல்லை" என்று கேட்டால் உடனே வாடிக்கையாளரின் வயரைத் தேடி ஓடாதீர்கள்.

இனி அடுக்கடுக்காக வருவோம். லிங்க் சும்மா இருக்கும்போதும் மௌனமாக இருப்பதில்லை. அனுப்பச் செய்தி இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் நிரப்பு அலகுகளை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். கொடி எனப்படும் 01111110 என்ற வடிவத்தோடு சேர்த்து அலகு ஒன்றுக்கு ஆறு பைட். விநாடிக்கு 8000 பைட் ஓடுகிற பாதையில், விநாடிக்கு 1300-க்கு மேற்பட்ட அலகுகள். லிங்க் ஏறுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் வேறுவகை அலகுகளை மாற்றிக்கொள்ளும். எஸ்ஐஓ என்றால் "நான் இருக்கிறேன், உன் குரல் இன்னும் எனக்குக் கேட்கவில்லை". எஸ்ஐஎன் அல்லது எஸ்ஐஈ என்றால் "கேட்கிறது, சோதிப்போம்". எஸ்ஐஓஎஸ் என்றால் "நான் சேவையில் இல்லை".

இந்த நான்கையும் வைத்தே பாதிப் பிழையைப் பிடிக்கலாம். மற்றப் பக்கத்திலிருந்து எஸ்ஐஓஎஸ் மட்டும் வந்துகொண்டிருந்தால் அங்கே யாரும் லிங்கை இயக்கவே இல்லை. தொலைபேசியில் சொல்லி இயக்கச் செய்யுங்கள். எஸ்ஐஓ முடிவில்லாமல் வந்துகொண்டிருந்தால் யோசியுங்கள்: அவர் பேசுவது உங்களுக்குக் கேட்கிறது, நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை. உங்கள் அனுப்பும் வயரிலோ அவருடைய வாங்கும் வயரிலோதான் குறை. ஒன்றுமே, ஒரு கொடிகூட, வரவில்லை, ஆனால் ஈ1 பச்சையாக இருக்கிறது என்றால் இருவரும் வெவ்வேறு கூறில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நீங்கள் 16-இல், அவர் 1-இல்.

ஒரு பொறியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ஓரிரவு முழுவதையும் தொலைத்தவர்கள் பலர். பாதையில் எங்கோ ஒருவர் சோதனைக்காக லூப், அதாவது அனுப்புவதை அப்படியே திருப்பிவிடும் இணைப்பு, போட்டுவிட்டு எடுக்க மறந்திருந்தால், உங்கள் லிங்க் தன்னுடனேயே கைகுலுக்கிக்கொண்டு ஏறிவிடும். லிங்கை ஏற்றி இறக்கும் இரண்டாம் அடுக்குக்கு, வருவது அடுத்தவரின் குரலா தன் எதிரொலியா என்று பிரித்தறியத் தெரியாது. இதே குணத்தை நீங்கள் கருவியாகவும் பாவிக்கலாம். வயர்கள் வந்து சேரும் விநியோகச் சட்டத்தில் உங்கள் பக்கம் லூப் போடுங்கள். லிங்க் தன்னுடன் தானே ஏறினால் உங்கள் கார்ட்டும் அதுவரையான வயரும் சுத்தம். பிறகு கடத்தல் (டிரான்ஸ்மிஷன்) கருவியில், பிறகு மற்றப் பக்கத்துச் சட்டத்தில் என்று லூப்பைத் தள்ளிக்கொண்டே போகலாம். போட்ட லூப் ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதி, எடுத்தபின் வெட்டிவிடுங்கள்.

ஒருவரை ஒருவர் கேட்டபின் சோதனைக் காலம் வருகிறது. சாதாரணச் சோதனை 65,536 பைட் போகும் நேரம், அதாவது ஏறத்தாழ 8.2 விநாடி. அந்த இரு எக்ஸ்சேஞ்சுகளுக்கும் இடையே வேறு லிங்க் இல்லாவிட்டால் அவசரச் சோதனை: 4096 பைட், அரை விநாடி. சாதாரணச் சோதனையில் பிழை நான்கைத் தொட்டால் அந்தத் தவணை தோல்வி. அவசரத்தில் ஒன்றே போதும். ஐந்து தவணை வரை முயலும். உங்கள் லிங்க் இந்தக் கட்டத்திலேயே தடுக்கி விழுமானால் கேபிள், இணைப்பி, 75 ஓம் கேபிளும் 120 ஓம் கேபிளும் பொருந்தாமை என்று பௌதிகக் காரணங்களைத் தேடுவது நியாயம். உங்களுடையது விழவில்லை. சோதனையில் சித்தியடைந்து சேவைக்கு வந்துவிட்டது. சோதனையில் தேறிய கேபிளை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள்.

சேவைக்கு வந்தவுடன், செய்திகளை உரிய முகவரிக்கு அனுப்பும் மூன்றாம் அடுக்கு ஒரு கேள்வி கேட்கும். எஸ்எல்டிஎம் என்ற சோதனைச் செய்தி. அதில் தன் முகவரி, எதிராளியின் முகவரி, லிங்கின் எண், கொஞ்சம் மாதிரித் தரவு எல்லாம் இருக்கும். எதிராளி அதே தரவைத் திருப்பி அனுப்பி "ஆம், நான்தான்" என்று சொல்ல வேண்டும். பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் 4 முதல் 12 விநாடிக்குள் ஒன்றாக அமைக்கப்பட்டிருக்கும். பதில் வராவிட்டால் இன்னொரு தடவை கேட்கும். அதற்கும் பதில் இல்லையென்றால் லிங்கை இறக்கிவிடும். கணக்குப் போடுங்கள்: இரண்டு தடவை காத்திருந்தால் 8 முதல் 24 விநாடி. காத்திருப்பு நேரம் 8 என்று வைத்திருந்தால் சரியாக 16-ஆவது விநாடியில் லிங்க் விழும். உங்கள் கால் நிமிடம் இதுதான். வயர் சுத்தம், ஒலி சுத்தம். இருவரும் ஒருவரை ஒருவர் வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஏன் அப்படி நினைக்கிறார்கள் என்பதற்கு மூன்று காரணங்களை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். மிகச் சாதாரணமானது லிங்க் எண், எஸ்எல்சி. ஒரு லிங்க் தொகுதியில் அதிகபட்சம் 16 லிங்க் இருக்கலாம். எண்கள் 0 முதல் 15 வரை. பல வருடங்களுக்கு முன்னால், உங்களுடையதைப் போலவே, இரண்டு ஈ1 உள்ள ஒரு புதிய இணைப்பில் நான் வேலை செய்தேன். மற்றப் பக்கத்தார் அனுப்பிய தாளில் "லிங்க் 1, லிங்க் 2" என்று அழகாக அச்சடித்திருந்தது. எங்கள் ஆள் அதைப் பார்த்து 1, 2 என்று எக்ஸ்சேஞ்சில் அடித்துவிட்டார். இரவு இரண்டு மணி. விநியோகச் சட்டத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, டோர்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு சோடியாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். சட்டத்தின் ஓரத்தில் முன்பு யாரோ ஃபெல்ட் பேனாவால் எழுதிய எண்கள் வியர்வைக் கை பட்டு மங்கிப்போயிருந்தன. ஒவ்வொரு பதினாறு விநாடிக்கும் கார்ட்டில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. எனக்கு அந்தத் தாளமே மனப்பாடமாகிவிட்டது. கடைசியில் தொலைபேசியில் இருந்த பெண் பொறியியலாளரிடம், "தங்கச்சி, தாளை வைத்துவிட்டு, உங்கள் எக்ஸ்சேஞ்சின் திரையில் எஸ்எல்சி என்ற வார்த்தைக்கு நேரே இருப்பதை மட்டும் வாசியுங்கள்" என்றேன். "பூச்சியம்" என்றார். "மற்றது?" "ஒன்று." தாளைத் தயாரித்தவர் மனிதர் எண்ணுவதுபோல ஒன்றிலிருந்து எண்ணியிருந்தார். இரண்டு எண்களை மாற்றினோம். அடுத்த பதினாறு விநாடி கடந்தது, இருபது கடந்தது, விளக்கு பச்சையாகவே நின்றது.

எண்கள் சரியாக இருந்தும் வயர்கள் குறுக்கே மாறியிருந்தாலும் இதே நோய்தான்: உங்கள் 0 அவருடைய 1-உடன் பேசும். அதைப் பிடிக்க ஒரு நிச்சயமான வழி இருக்கிறது. உங்கள் முதலாவது ஈ1-ஐக் கழற்றுங்கள்; மற்றப் பக்கத்தில் எது சிவந்தது என்று கேளுங்கள். அவர் "இரண்டாவது" என்றால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

இரண்டாவது காரணம் முகவரி, அதாவது பொயின்ட் கோட். நம் நாட்டில் பாவிக்கும் சர்வதேச முறையில் அது 14 பிட். ஆனால் அதை எழுதும் விதம் ஆளுக்காள் வேறு. ஒருவர் 2-100-3 என்று மூன்று துண்டாக எழுதுவார். அதையே இன்னொருவர் தசமத்தில் 4899 என்பார். மூன்றாமவர் பதினறும எண்ணில் 1323 என்பார். மூன்றும் ஒரே முகவரிதான். 1323-இல் எழுத்து ஒன்றும் இல்லாததால் பார்ப்பவர் அதைத் தசமம் என்று எடுத்து அப்படியே அடித்துவிடுவார். அப்போது முகவரி எங்கோ போய்விடும், லிங்க் பதினாறு விநாடித் தாளம் போடத் தொடங்கும். ஆகவே முகவரியை மூன்று வடிவத்திலும் எழுதிக் கேளுங்கள். மூன்றும் பொருந்த வேண்டும். மூன்றாவது காரணம் வலையமைப்புக் குறி. சர்வதேசம் என்றால் 0, தேசியம் என்றால் 2. ஒருவர் 0, மற்றவர் 2 என்று வைத்திருந்தால் சோதனைச் செய்தி வாசலிலேயே எறியப்படும்.

உங்கள் முதலாவது கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான்: எஸ்எல்சி, வயர்க் குறுக்கு, பொயின்ட் கோட், வலையமைப்புக் குறி, இந்த வரிசையில் பாருங்கள். மற்றப் பக்கத்தாரிடம் "சரியா?" என்று கேட்காதீர்கள். சரியா என்று கேட்டால் சரி என்றுதான் எவரும் சொல்வார். திரையில் உள்ள எண்ணை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள், நீங்களும் உங்களுடையதை வாசியுங்கள்.

இனிப் பின்னேரத்து லிங்க். இது கடினமானது, எனக்கு அதிகம் பிடித்ததும் இந்த வகைதான். சேவையில் இருக்கும் லிங்கைப் பிழைக்காக இறக்கும் காவலாளி ஓர் ஓட்டை வாளி வைத்திருப்பவர் போன்றவர். கெட்டுப்போன அலகு ஒவ்வொன்றுக்கும் வாளியில் ஒரு குவளை ஊற்றுவார். 256 அலகுகள் கடந்துபோனால் ஒரு குவளை கசிந்து இறங்கும். வாளியில் 64 குவளை சேர்ந்தால் லிங்க் விழும். அலகுகளின் எல்லையே தெரியாமல் போனால் ஒவ்வொரு 16 பைட்டுக்கும் ஒரு குவளை ஊற்றுவார். 64-ஐ 16-ஆல் பெருக்குங்கள்: 1024 பைட். நேரத்தில் 128 மில்லிவிநாடி. பாதை முற்றாக அறுந்தால் எட்டில் ஒரு விநாடியில் லிங்க் போய்விடும்.

ஈ1 அலாரமோ அவ்வளவு வேகமானது அல்ல. பல கருவிகளில் இரண்டு மூன்று விநாடி தொடர்ந்து இருந்தால்தான் அலாரத்தைத் திரைக்கு அனுப்புவார்கள். ஆகவே அரை விநாடி அறுந்து ஒட்டிய பாதை லிங்கை வீழ்த்திவிட்டு, அலாரத் திரையில் சுவடே இல்லாமல் போய்விடும். கடத்தல் பிரிவினர் "எங்களிடம் அலாரம் இல்லை" என்று சொல்வது பொய்யல்ல. அவர்களிடம் அலாரம் கேட்காதீர்கள், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் பிழை விநாடிக் கணக்கைக் கேளுங்கள். லிங்க் விழுந்த அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஓரிரண்டு கடும்பிழை விநாடி பதிந்திருந்தால் பாதைதான் குற்றவாளி.

வவுனியாப் பக்கப் பாதையில் எங்காவது கோபுரத்துக்குக் கோபுரம் பாயும் நுண்ணலைத் துள்ளல் இருக்கிறதா என்று பாருங்கள். கடல்நீரேரியைத் தாண்டும் துள்ளல் என்றால் நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் அலையும் நேரே வரும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் கணங்கள் உண்டு. வெயில் தணிந்து, காற்று அடுக்கடுக்காகப் படியும் நேரங்களில் அது கூடும். மழைமீது பழிபோட முன்பு அலைவரிசையைக் கேளுங்கள். மழை தடுப்பது பெரும்பாலும் 10 கிகாஹேர்ட்ஸுக்கு மேற்பட்டவற்றைத்தான். அதே வானொலிக் கருவியில் போகும் மற்ற ஈ1-களிலும் அதே கணத்தில் பிழை விழுந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மற்றவற்றில் பிழையில்லை, உங்கள் அறையிலுள்ள ஒரு தட்டு மட்டும் பாதிக்கப்பட்டது என்றால் மின்சாரத்தையும் புவித்தொடுப்பையும் பாருங்கள். வலிகாமத்தில் செம்மண் மெல்லிய போர்வைதான். தோண்டினால் சுண்ணாம்புக்கல் தட்டும். மாரியில் ஈரமாக இருக்கும்போது அளந்த புவித்தொடுப்பு ஆவணியில் காய்ந்த கல்லாகிப் பல மடங்கு தடை காட்டும். மின்பிறப்பாக்கி மாறும் கணத்திலோ பக்கத்தில் குளிரூட்டி தொடங்கும் கணத்திலோ வரும் தாக்கம் போக வழியின்றி ஈ1-இன் கவசத்தில் ஏறும். பின்னேரம் மின்வெட்டு நேரமும் லிங்க் விழும் நேரமும் உங்கள் கொப்பியில் ஒன்றாக வந்தால் கார்ட்டைத் தொடாமல் புவித்தொடுப்பு மீட்டரை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். உப்புக்காற்றில் பச்சை பிடித்த செப்புப் பட்டியையும் கவ்வியையும் கழற்றிச் சுரண்டி இறுக்குங்கள். பெரும்பாலும் வெறும் கையால் ஆட்டினாலே ஆடும்.

பின்னேரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கனடாவில் விடியும்போது இங்கே பின்னேரம். அழைப்பு கூடும் நேரம் அது. ஒரு லிங்கைச் சாதாரணமாக 0.2 எர்லாங் அளவில், அதாவது நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மட்டும் செய்தி ஓடும்படி, ஓட்ட வேண்டும், கூட்டாளி லிங்க் விழுந்தால் 0.4 வரை தாங்கும்படி. அதற்கு மேலே போய் எதிராளியால் சமாளிக்க முடியாவிட்டால் அவர் "பொறு" என்று எஸ்ஐபி அனுப்பத் தொடங்குவார். அந்தப் பொறுமை 3 முதல் 6 விநாடிக்கு மேல் நீடித்தால் லிங்க் விழும். அனுப்பிய செய்தி கிடைத்தது என்ற ஒப்புகை வரவே இல்லையென்றால் 0.5 முதல் 2 விநாடியில் விழும். கொப்பியின் மூன்றாவது நிரல் இதற்குத்தான். "பிழை வீதம் அதிகம்" என்று எக்ஸ்சேஞ்ச் சொன்னால் பாதை. "நெரிசல் நீடித்தது" அல்லது "ஒப்புகை தாமதம்" என்றால் சுமை, அல்லது மற்றப் பக்கத்துக் கார்ட்டின் திணறல். மூன்றையும் "லிங்க் பெயிலியர்" என்று ஒரே பெயரில் எழுதிவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

கடிகாரத்தைப் பற்றியும் கேட்பீர்கள், ஏனென்றால் எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். இரண்டு எக்ஸ்சேஞ்சுகளின் கடிகாரமும் பத்து இலட்சத்தில் 50 பங்கு வேறுபட்டால் 2.5 விநாடிக்கு ஒரு வழுக்கல், அதாவது ஒவ்வொரு கூறிலும் ஒரு பைட் தொலையும் அல்லது இரட்டிக்கும். ஒரு பங்கு வேறுபட்டால் 125 விநாடிக்கு ஒன்று. ஒரு வழுக்கலில் ஓர் அலகு, கூடினால் இரண்டு அலகு கெடும். வாளியோ விநாடிக்கு ஐந்து குவளை கசியவிடுகிறது. ஆகவே இப்படிப்பட்ட வழுக்கல் தனியே லிங்கை வீழ்த்தாது. மீளனுப்பும் எண்ணிக்கை ஏறும், ஃபேக்ஸ் பாதியில் அறும், குரலில் டிக் டிக் என்று கேட்கும். அவற்றைக் கண்டால் கடிகாரத்தைச் சரிசெய்யத்தான் வேண்டும். ஒரு பக்கம் கொடுக்க மறுபக்கம் வாங்க வேண்டும், அல்லது இருவரும் ஒரே மூலத்திலிருந்து வாங்க வேண்டும். ஆனால் விழும் லிங்குக்கு அதைக் காரணம் காட்டிவிட்டுத் தேடலை நிறுத்திவிடாதீர்கள்.

ஐபி வழியாகச் சமிக்ஞை அனுப்பும் சிக்ட்ரானுக்கு மாறினால் இந்தத் தொல்லைகள் போய்விடுமா என்றும் எழுதியிருந்தீர்கள். வயர்த் தொல்லை போகும், அடையாளத் தொல்லை போகாது. பொயின்ட் கோட் அங்கேயும் அதுதான். எஸ்எல்சி இருந்த இடத்துக்கு, சிக்ட்ரானின் எம்3யூஏ என்ற நெறிமுறையில் ரவுட்டிங் கொன்டெக்ஸ்ட் என்ற எண் வரும், அது பொருந்தாவிட்டால் தொடுப்பு எழும்பியும் போக்குவரத்து ஓடாது. அதைச் சுமந்து செல்லும் எஸ்சிடிபி என்ற நெறிமுறை டிசிபியும் அல்ல, யுடிபியும் அல்ல. இடையிலுள்ள தீயரண் அந்த இரண்டையும் பிங்கையும் மட்டும் விடுமானால் பிங் அழகாகப் போகும், லிங்க் எழும்பாது. இரண்டு ஐபி முகவரி கொடுத்துவிட்டு இரண்டையும் ஒரே ஃபைபரில் ஓட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். வீதி அகலிக்க வந்த பெக்கோ ஒரு வாளி மண் அள்ளினால் இரண்டும் ஒன்றாகப் போகும். இன்னொன்று, வழக்கமான அமைப்பில் ஒரு பாதை செத்துவிட்டது என்று எஸ்சிடிபி முடிவெடுக்க 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக் காத்திருக்கும். கூட்டினால் 63 விநாடி. பழைய லிங்க் 128 மில்லிவிநாடியில் அறிந்ததை இது ஒரு நிமிடத்துக்குப் பிறகு அறியும். அந்த எண்களைக் குறைக்காமல் சேவைக்கு விடக்கூடாது.

லிங்க் பச்சையாக நின்றபின் ஒரு சோதனை மிச்சம். ஒவ்வொரு குரல் பாதைக்கும் சிஐசி என்ற எண் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே பாதைக்கு ஒரே எண்ணை வைத்திருக்க வேண்டும். சிலர் 16-ஆவது கூறைத் தாண்டி எண்ணுவார்கள், சிலர் தாண்டாமல் தொடர்ந்து எண்ணுவார்கள். அப்போது முதல் 15 பாதையில் பேச்சு நன்றாக இருக்கும், அதற்கு மேலே அழைப்பு எடுபடும், குரல் இராது. எல்லாப் பாதையிலும் ஒவ்வோர் அழைப்பு எடுத்து, ஒரு வார்த்தையாவது பேசிக் கேட்டபிறகே கையெழுத்துப் போடுங்கள்.

விழுந்திருந்த லிங்குகளை எழுப்பும்போது ஒன்றொன்றாக எழுப்புங்கள். 1990 ஜனவரி 15 அன்று அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் தொலைதூர வலையமைப்பு ஏறத்தாழ ஒன்பது மணித்தியாலம் முடங்கியது. நியூயோர்க்கில் ஓர் எக்ஸ்சேஞ்ச் இடறி, தன்னைச் சரிசெய்துகொண்டு மீண்டு வந்ததும் அயலவற்றுக்கு அனுப்பிய செய்திகள், அவற்றின் புதிய மென்பொருளில் இருந்த ஒரு பிழையைத் தட்டிவிட்டன. அவையும் இடறி எழும்பி, தங்கள் அயலவற்றுக்கு அதையே செய்தன. உங்கள் இரண்டு லிங்குக்கு அவ்வளவு ஆபத்து இல்லை. ஆனாலும் முதலாவதை எழுப்பி, பத்து நிமிடம் பார்த்து, சில அழைப்புகள் எடுத்துப் பார்த்தபின் இரண்டாவதை எழுப்புங்கள். பிறகு முதலாவதை வேண்டுமென்றே கழற்றிப் பாருங்கள். அழைப்புகள் மற்றதற்குத் தாவ வேண்டும். இதைப் பகலில், ஆட்கள் நிற்கும்போது செய்யுங்கள்.

இன்றிரவு மற்றப் பக்கத்தாருடன் பேசும்போது எஸ்எல்சி எண்ணை முதலாவதாகக் கேளுங்கள். எண்கள் எல்லாம் பொருந்தியும் லிங்க் விழுமானால், லிங்கில் ஓடுவதைப் பதியும் அனலைசரில் 30 விநாடி பதிந்து, எஸ்எல்டிஎம் போனதா, பதில் வந்ததா, வந்த பதிலில் என்ன முகவரி இருந்தது என்ற மூன்றையும் எனக்கு எழுதுங்கள். வவுனியா லிங்குக்கு ஒரு கிழமைக் கொப்பி வேண்டும். பின்னேரம் மின்சாரம் போன நேரத்தையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.